பாஸ்போர்ட்டும் பூணூலும்

சென்ற வாரத்தில் ஒரு குடியானவத் தோழர் தமது மகனை அழைத்துக்கொண்டு நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். வாலிபன் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பிட்டர் வேலை படித்துத் தேறினவன். ஐரோப்பாவில் வேலை வாங்கித் தருவதாக ஒரு தரகன் சொன்னதை நம்பி, இருந்த ஒரு ஏக்கர் நன்செயையும் விற்றுக் கொடுத்துவிட்டார்கள். "முதலில் சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிடு, அப்புறம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று அந்தத் தரகன் சொல்லி, பாங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு முதலியவைகளைத் தானே 'தயார்' செய்து விண்ணப்பத்தோடு வைத்து அனுப்பியிருக்கின்றான். விசா மறுக்கப்பட்டுவிட்டது. தரகன் இப்பொழுது போனை எடுப்பதில்லை.

இது போதாதென்று, ஊர் ஜோசியர் பையனுக்கு ஏழரைச் சனி என்றும், அன்னியதேச யோகத்தைச் சனி தடுத்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொல்லி, பரிகாரத்துக்கென்று ஒரு தொகையைப் பிடுங்கியிருக்கின்றார். இனிமேல் ஐதராபாத்துக்கு அருகில் சில்கூரில் இருக்கும் 'விசா பாலாஜி'யிடம் போய்ச் சுற்றிவிட்டு வந்தால் பலன் உண்டா என்று அந்தத் தோழர் நம்மிடமே கேட்டார்!

நாம் அவரைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மறுத்தவர்கள் காரணம் எழுதிக் கொடுத்தார்களா?" என்று கேட்டோம். கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதம் பையனுடைய சட்டைப் பையிலேயே நான்காக மடித்துக் கிடந்தது. அதை அவனும் முழுதும் படிக்கவில்லை. தகப்பனாருக்குப் படித்துக் காட்டுவாரும் இல்லை. பிரித்துப் பார்த்தால், பயணத்தின் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், கொடுத்த ஆதாரங்கள் உண்மையானவையா என்பதில் சந்தேகம் இருக்கின்றதென்றும் குறிக்கப்பட்டிருந்தது. சனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்தத் தோழருக்கு நாம் சொன்னவைகளை மற்றத் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது நமது கடமை என்று கருதியே இத்தலையங்கத்தை எழுதுகின்றோம். ஏனெனில், இன்று நமது வாலிபர்கள் கிராமம் கிராமமாக இந்த எண்ணத்தில் இருக்கின்றார்கள். அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லுவாரைவிட, சகுனத்தைச் சொல்லுவாரே அதிகமாக இருக்கின்றார்கள்.

முதலாவதாக, பாஸ்போர்ட் என்பது என்ன? அது கடவுள் கொடுத்ததும் அல்ல. பிரம்மா தலையில் எழுதியதும் அல்ல. இன்று நாம் காணுகின்ற மாதிரியில் அது சுமார் 100 வருஷத்துச் சரக்கே ஆகும். 1914ஆம் வருஷத்து யுத்தத்துக்கு முன், ருஷியா, துருக்கி போன்ற சில ராஜ்யங்கள் நீங்கலாக, ஐரோப்பாவின் பெரும்பாகத்தில் ஒருவன் பாஸ்போர்ட் இல்லாமலே ரயிலேறிப் போய் வரலாம். ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக் என்பவர், 1914க்கு முன் தாம் பாஸ்போர்ட் என்பதையே காணாமல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்ததைத் தமது சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கின்றார். யுத்தம் வந்தது, ஒவ்வொரு தேசத்தானும் மற்றவனை ஒற்றன் என்று சந்தேகித்தான், கதவுகளைச் சாத்தினார்கள். யுத்தம் 1918இல் முடிந்தது. சாத்திய கதவு மாத்திரம் திறக்கவில்லை. 1920இல் பாரிசில் சர்வதேச சங்கத்தார் ஒரு மகாநாடு கூட்டி, பாஸ்போர்ட் என்றால் 32 பக்கமுள்ள புத்தகமாக இன்ன மாதிரி இருக்க வேண்டும் என்று திட்டம் செய்தார்கள். 'தற்காலிகம்' என்று சொல்லி வந்தது நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. நமது நாட்டில் எத்தனையோ கொடுமைகள் 'வழக்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் இப்படித்தான் அல்லவா?

அந்தப் புத்தகம் இல்லாதவன் கதி என்னவாயிற்று? ருஷியப் புரட்சிக்குப்பின் பிரஜா உரிமை பறிக்கப்பட்டு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் லட்சக்கணக்கான ஜனங்கள் ஐரோப்பாவில் அலைந்தார்கள். நார்வே தேசத்து நான்சென் என்ற பெரியார் 1922இல் அவர்களுக்காக ஒரு தனிச் சீட்டை ஏற்படுத்தினார். அதற்கு 'நான்சென் பாஸ்போர்ட்' என்றே பெயர் வந்தது. உலகப் பிரசித்தி பெற்ற சங்கீத வித்துவானான ஸ்ட்ராவின்ஸ்கி என்பவரும் அந்தச் சீட்டை வைத்திருந்தவர்தான்.

இதற்கு நேர்மாறானதையும் பாருங்கள். 1938 ஜூலையில் பிரான்சு தேசத்தில் எவியான் என்னும் ஊரில் 32 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடுகின்ற யூதர்களை யார் ஏற்றுக்கொள்ளுவது என்று யோசித்தார்கள். அனேகமாக ஒவ்வொருவரும் அனுதாபம் தெரிவித்தார்கள். இடம் கொடுப்பதற்கு மாத்திரம் முன்வரவில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஜெர்மன் சர்க்கார், சுவிஸ் சர்க்காரோடு பேசிய பேச்சின் பலனாக, யூதர்களுடைய பாஸ்போர்ட்டில் சிவப்பு மையில் 'ஜே' என்னும் எழுத்தை முத்திரையாகக் குத்தினார்கள். எல்லைக் காவல்காரன் அந்த எழுத்தைப் பார்த்தவுடன் திருப்பி அனுப்பிவிடலாம். திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்குக் கிடைத்தது கொலைக்களம். மனிதனை மனிதனாகப் பார்க்காமல், அவன் பிறவியைப் பார்த்து முத்திரை குத்துவதில் கடைசியாக எங்கே போய் நிற்க வேண்டி வரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா என்று கேட்கின்றோம்.

நிற்க. இப்படி ஒருவரை ஒருவர் இரண்டு முறை கொன்று குவித்துக்கொண்ட அந்த ஐரோப்பியர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமாகும்.

லக்ஸம்பர்க் என்பது ஒரு சிறு ராஜ்யம். அதில் மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு சிறு கிராமம் இருக்கின்றது. பிரான்சு, ஜெர்மனி, லக்ஸம்பர்க் ஆகிய மூன்று எல்லைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. 1985 ஜூன் 14ந் தேதி பிரான்சு, மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய 5 தேசத்துப் பிரதிநிதிகள் அந்த ஆற்றில் ஒரு படகில் உட்கார்ந்து, தங்களுக்குள் இருக்கும் எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக எடுத்துவிடுவதென்று கையெழுத்துப் போட்டார்கள். 1995 மார்ச் 26 முதல் 7 நாடுகளில் அது காரியத்தில் வந்தது. இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. அவைகளில் 25 நாடுகள் ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்தவை. மற்ற நான்கும் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை. அயர்லாந்தும் சைப்ரசும் யூனியனில் இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் 1870 முதல் 1945 வரையில் மூன்று யுத்தம் செய்த அந்த எல்லையை இன்று ஒருவன் சைக்கிளில் கடந்துபோய் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகின்றான்.

இதில் எந்தச் சாமியும் அவதாரம் எடுக்கவில்லை. எந்த ரிஷியும் தபசு செய்யவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள், எழுதினார்கள், எடுத்துவிட்டார்கள். மனிதன் போட்ட வேலியை மனிதனே பிடுங்கலாம் என்பதற்கு இதுவே போதிய ருஜுவாகும்.

இந்த யூனியனில் உள்ள 27 நாடுகளின் பிரஜைகளுக்கு, அதாவது சுமார் 45 கோடி ஜனங்களுக்கு, உள்ள உரிமை இன்னது என்று பார்ப்போம். 1957ஆம் வருஷத்து ரோமாபுரி ஒப்பந்தத்திலேயே தொழிலாளிகள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போய் வேலை செய்யலாம் என்று அஸ்திவாரம் போடப்பட்டது. 1992இல் மாஸ்ட்ரிக்ட் என்னும் ஊரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஐரோப்பியப் பிரஜா உரிமை என்றே ஒன்று ஏற்பட்டது. 2004ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு நாட்டுப் பிரஜை தனது அடையாளச் சீட்டை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றொரு நாட்டில் 3 மாதம் வரையில் கேள்வி இல்லாமல் இருக்கலாம். அதற்குமேல் இருக்க வேண்டுமானால் வேலை செய்ய வேண்டும், அல்லது சொந்தத் தொழில் செய்ய வேண்டும், அல்லது படிக்க வேண்டும், அல்லது தன் செலவுக்குப் பணமும் வைத்திய இன்ஷியூரன்சும் வைத்திருக்க வேண்டும். சட்டப்படி 5 வருஷம் தொடர்ந்து இருந்துவிட்டால் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை வந்துவிடுகின்றது. போர்ச்சுகலில் பிறந்த கொத்தன் ஜெர்மனியில் வேலை செய்தால், 'நீ இந்த ஊரான் அல்ல' என்று சொல்லிக் கூலியைக் குறைக்கக்கூடாது என்பது சட்டம்.

ஆனால், அவர்களுக்குள்ளும் மேல்சாதி கீழ்சாதி இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. 2004இல் போலந்து முதலிய கிழக்குப் பாகத்து நாடுகள் யூனியனில் சேர்ந்தபோது, அத்தேசத்துத் தொழிலாளிகளை உடனே அனுமதித்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளே ஆகும். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரையில், அதாவது 7 வருஷம், அவர்களைத் தடுத்து வைத்திருந்தன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2007இல் யூனியனுக்குள் வந்தும், எல்லைச் சோதனை முழுதும் நீங்குவதற்கு 2025 ஜனவரி 1 வரையில், 18 வருஷம் திண்ணையிலேயே காத்திருந்தன. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தனது தரை எல்லைகள் எல்லாவற்றிலும் மறுபடியும் சோதனையை வைத்தது. பிடுங்கிய வேலியை மறுபடி நடுவதற்கு ஆசைப்படுகின்றவர்கள் எந்த நாட்டிலும் இருக்கின்றார்கள் என்பதையே இது காட்டுகின்றது.

பிரிட்டிஷாரின் கதை இன்னும் வேடிக்கையானது. 2016 ஜூன் 23ந் தேதி ஓட்டுப் போட்டு யூனியனை விட்டு விலகுவதென்று முடிவு செய்தார்கள். 2020 ஜனவரி 31இல் விலகினார்கள். அந்த வருஷக் கடைசியோடு பழைய உரிமைகளும் தீர்ந்தன. அதற்கு முன்பே போய்க் குடியேறினவர்களுக்கு மாத்திரம் ஒப்பந்தப்படி உரிமை நிற்கின்றது. மற்றபடி, பாதி உலகத்தில் யாரையும் கேட்காமல் போய் இறங்கி ஆட்சி செய்த வெள்ளைக்காரன், இன்று தன் வீட்டுக்கு அடுத்த பிரான்சுக்குப் போவதற்கு, 'அன்னியர்' என்று எழுதியிருக்கும் வரிசையில் நின்று, 180 நாளில் 90 நாள் என்ற கணக்குக்குக் கட்டுப்பட வேண்டியவனாய் இருக்கின்றான். உரிமை என்பது ரத்தத்தில் ஓடுவதல்ல, சட்டத்தில் இருப்பதே என்பதை அவன் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டான்.

இனி நம்மவர்கள் விஷயத்துக்கு வருவோம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் ஷெங்கன் நாடுகளுக்குப் போவதற்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகின்றானோ அந்த நாட்டுக் காரியாலயத்துக்கே விண்ணப்பம் செய்ய வேண்டும். தங்கும் நாட்கள் சமமாயிருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்குச் செய்ய வேண்டும். பிரயாணத்துக்கு 6 மாதத்துக்கு முன் செய்யக்கூடாது. 15 நாளுக்குப் பின்னும் தள்ளக்கூடாது. 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்திய இன்ஷியூரன்சு எடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அவசியமானால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

90 நாள் கணக்கைப் பலர் தப்பாக நினைத்துக்கொண்டு அகப்பட்டுக்கொள்ளுகின்றார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளோடு சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்த்தால், அதில் தங்கிய நாட்கள் 90க்கு மேற்படக்கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். உதாரணமாக, 28 நாளுள்ள பிப்ரவரி வரும் வருஷத்தில் ஜனவரி 1ந் தேதி நுழைந்து மார்ச் 31 வரை இருந்தவனுக்கு 90 நாளும் தீர்ந்துபோய்விடும். அவனுடைய விசாவுக்குக் காலம் மிச்சமிருந்தாலும் ஜூன் 29 வரையில் அவன் மறுபடி நுழைய முடியாது. அடுத்த நாட்டுக்குப் போய்விட்டு வந்தால் கணக்குப் புதிதாகும் என்பதும் பொய். 29 நாடும் சேர்ந்து ஒரே கணக்கு. முன்பு பாஸ்போர்ட்டில் மை முத்திரையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபர் 12 முதல் விரல் ரேகையையும் முகத்தையும் யந்திரத்தில் பதிந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. ஒரு நாள் அதிகமாய்த் தங்கினாலும் யந்திரம் சொல்லிவிடும். அதனிடம் சிபார்சு செல்லாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது என்னவென்றால், இந்தச் சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக்கூடாது என்பதாகும். வேலைக்குப் போகின்றவனுக்கு அந்தந்த நாட்டுச் சர்க்கார் தனியே கொடுக்கும் நீண்டகால விசாவும் குடியிருப்பு அனுமதியும் வேண்டும். பட்டப்படிப்புப் போன்ற உயர்ந்த தகுதியும், 6 மாதத்துக்குக் குறையாத வேலை ஒப்பந்தமும், விதித்த அளவுக்கு மேற்பட்ட சம்பளமும் இருப்பவர்களுக்கு 'நீலச் சீட்டு' என்று ஒன்று இருக்கின்றது. டென்மார்க்கும் அயர்லாந்தும் நீங்கலாக யூனியனின் 25 நாடுகளில் அது உண்டு. கைத்தொழில் படித்தவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல், சொந்த நாட்டில் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற 2 வருஷத் தொழிற்படிப்பாவது படித்து, ஆரம்ப நிலை ஜெர்மன் பாஷையாவது நல்ல இங்கிலீஷாவது தெரிந்து, தன் செலவுக்குப் பணம் காட்டக் கூடியவன், மார்க்குக் கணக்கில் 6 மார்க்கு எடுத்தால், அங்கே வந்து ஒரு வருஷம் வரை வேலை தேடலாம் என்று சட்டம் செய்திருக்கின்றது. இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பர் 5ந் தேதி இதைப்பற்றி ஒரு ஒப்பந்தமும் செய்துகொண்டிருக்கின்றன.

இப்பொழுது அந்தப் பிட்டர் வேலை தெரிந்த வாலிபனை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் ஜெர்மன் பாஷை படித்து, தன் சர்ட்டிபிகேட்டைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தால், நேர்வழியில் முயற்சிக்க அவனுக்கு யோக்கியதை இருந்தது. நிலம் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் போலிக் காகிதத்தைக் கொடுத்ததால், மறுக்கப்பட்ட செய்தி ஐரோப்பியர்களின் விசாப் பதிவில் 5 வருஷம் நிற்கும். அடுத்த முறை எந்த ஷெங்கன் நாட்டிடம் போனாலும் அது அவர்கள் கண்ணில் படும். ஒருக்கால் தரகனுடைய தந்திரம் பலித்து அவன் போய்ச் சேர்ந்திருந்தால் கதி இதைவிட மோசம். சீட்டு இல்லாத தொழிலாளிக்கு முதலாளி வைத்ததே கூலி. போலீசைக் கண்டால் ஓட வேண்டும். பிடிபட்டால் திருப்பி அனுப்பி, 5 வருஷம் வரையில் உள்ளே வரக்கூடாது என்று தடையும் போடுவார்கள். நமது நாட்டிலோ, அன்னிய தேசத்துக்கு ஆள் சேர்க்கும் தரகன் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்ச்சிச் சட்டப்படி சர்க்காரில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். பணம் கொடுக்குமுன், "உன் பதிவு நெம்பர் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே!

இனி அந்த 'விசா பாலாஜி'யைப் பற்றி. வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, விசா கிடைத்த பிறகு 108 சுற்று என்று அங்கே கணக்கு வைத்திருக்கின்றார்கள். அந்தக் கோயிலில் உண்டியல் இல்லை, காசு வாங்குவதில்லை என்று பெருமையாகவும் சொல்லுகின்றார்கள். நல்லது, காசு போகாவிட்டாலும் புத்தி போகின்றதே, அதற்கு என்ன சமாதானம்? சாமி விசா வாங்கிக் கொடுப்பது உண்மையானால், சுற்றியும் கிடைக்காதவர்களுக்கு யார் ஜவாப்தாரி? கிடைத்தவன் 108 சுற்றுச் சுற்றிவிட்டு ஊரெல்லாம் சொல்லுகின்றான்; கிடைக்காதவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளுகின்றான். சாமியின் கீர்த்தி இப்படித்தான் வளருகின்றது. இதே விசாவை நாத்திகனும் வாங்குகின்றான், கிறிஸ்தவனும் வாங்குகின்றான், முகமதியனும் வாங்குகின்றான். அவர்கள் எந்தப் பாலாஜியைச் சுற்றினார்கள்?

மற்றொன்றையும் கவனியுங்கள். 2024 ஏப்ரல் 18ந் தேதி ஐரோப்பியக் கமிஷன், இந்தியாவில் குடியிருக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை செய்தது. கடந்த 3 வருஷத்தில் இரண்டு விசாவை ஒழுங்காக உபயோகித்தவனுக்கு 2 வருஷத்து விசா கொடுக்கலாம் என்றும், அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்குக் காலம் இருந்தால் 5 வருஷத்துக்குக் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. இது பிரதட்சணத்தினால் வந்ததா? இல்லை. இரண்டு சர்க்கார்களும் காரியத்தைப் பேசி முடித்ததனால் வந்தது.

அதோடு, இந்தச் சாமிகளின் பழைய சாஸ்திரம் என்ன சொல்லுகின்றது தெரியுமா? சமுத்திரத்தைத் தாண்டினவன் ஜாதியை இழந்தவன் என்று போதாயன தர்ம சூத்திரத்தில் எழுதி வைத்திருக்கின்றது. கணித நிபுணர் ராமானுஜன் அவர்களைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபோது, முதலில் அவர் போக முடியாதென்று நின்றதற்கும் இந்த ஆசாரமே காரணமாயிருந்தது. 1914 மார்ச்சில்தான் கப்பலேறினார். நேற்று வரையில் கடலைத் தாண்டாதே என்று சொன்ன சாமியே இன்று கடலைத் தாண்ட விசா வாங்கிக் கொடுக்கிறார் என்றால், சாமி மாறினாரா, சாமியை வைத்துப் பிழைப்பவர்கள் மாறினார்களா என்று கேட்கின்றோம். நமது தலைவர் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் 1931 டிசம்பரில் கப்பலேறி, ருஷியா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய தேசங்களைப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார்கள். எந்தச் சாமியையும் சுற்றிவிட்டுப் போகவில்லை. அங்கே அவர்கள் பார்க்க விரும்பியது மனிதர்கள் எப்படி வாழுகின்றார்கள் என்பதைத்தான்.

பணக்காரர்களின் வழி ஒன்றும் இருக்கின்றது. அதையும் சொல்லிவிட வேண்டும். மால்டா, சைப்ரஸ் ஆகிய தேசங்கள் பணம் போட்டவர்களுக்குப் பிரஜா உரிமையையே கொடுத்து வந்தன. சைப்ரஸ் 2020இல் அதை நிறுத்திற்று. மால்டாவின் ஏற்பாடு சட்ட விரோதமானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. இதைப் படித்தபோது நமக்குத் திருவாங்கூர் மகாராஜாக்களின் 'ஹிரண்ய கர்ப்பம்' நினைவுக்கு வந்தது. பொன்னால் பாத்திரம் செய்து, அதற்குள் ராஜா இறங்கி எழுந்து, புதிதாய்ப் பிறந்தவனாகி உயர்ந்த வருணத்தானாக ஆகிவிடுவார். பிறகு அந்தப் பொன்னை உடைத்துப் பார்ப்பனர்களுக்குத் தானம் கொடுப்பார்கள். பொன் இருந்தால் பிறவியையே மாற்றலாம் என்பதுதானே இரண்டின் தத்துவமும்? அப்படியானால் பிறவி உயர்வு என்பது புரட்டு என்பதை அதை விற்கின்றவர்களே ஒப்புக்கொள்ளுகின்றார்கள்.

ஆகவே பாஸ்போர்ட்டும் பூணூலைப் போன்ற ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். ஒருவன் எங்கே, யாருக்குப் பிறந்தான் என்பதைப் பார்த்து, அவன் எந்த வாசலில் நுழையலாம் என்று தீர்மானிப்பதே இரண்டின் வேலையும். பிரான்சில் பிறந்த குழந்தை 27 நாட்டில் தடையின்றி வேலை செய்யலாம். நமது கிராமத்தில் பிறந்த குழந்தை பாங்கிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இரண்டு குழந்தைகளும் செய்த பாவ புண்ணியம் எதுவும் இல்லை.

அப்படியானால் எல்லைகள் எல்லாவற்றையும் நாளைக்கே எடுத்துவிட வேண்டுமா என்று சிலர் நம்மைக் கேட்கலாம். ஒரு நாட்டார் தங்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரி கொடுத்து நடத்தும்போது, வருகின்றவன் யார், எதற்கு வருகின்றான் என்று கேட்பதை நாம் தப்பென்று சொல்ல வரவில்லை. கேட்கின்ற கேள்வி அவனுடைய காரியத்தைப் பற்றியதாய் இருக்கட்டும், பிறவியைப் பற்றியதாய் இருக்க வேண்டாம் என்றுதான் சொல்லுகின்றோம். ஐரோப்பியர்கள் தங்களுக்குள் அதைப் பாதி தூரம் செய்துவிட்டார்கள். மீதிப் பாதியை அவர்கள் செய்யும்படி கேட்பதற்கு நமக்குப் பாத்தியம் உண்டு.

ஆனால், அப்படிக் கேட்பதற்கு முன் நம்முடைய யோக்கியதையைச் சற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? விசாக் காரியாலயத்தில் வெயிலில் நிற்க வைத்தான், அவமரியாதையாய்ப் பேசினான், என் பிறந்த நாட்டைப் பார்த்து மறுத்தான் என்று ஆத்திரப்படுகின்ற நமது மேல்சாதித் தோழர்களைக் கேட்கின்றோம். உங்களை மறுத்தவன் காரணத்தை எழுத்தில் கொடுத்தான். அதன்மேல் அப்பீல் செய்வதற்குச் சட்டத்தில் இடம் வைத்திருக்கின்றான். குறையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் விண்ணப்பம் செய்யலாம் என்கின்றான். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், செருப்புப் போட்டு நடந்தான் என்பதற்காகச் சேரித் தோழனை மறித்தீர்களே, அவனுக்கு எந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்தீர்கள்? அவன் அப்பீல் யாரிடம் செய்வது? எத்தனை வருஷம் காத்திருந்தால் அவனுக்கு அந்தத் தெருவில் நிரந்தர உரிமை வரும்? ஐரோப்பாவில் அன்னியன் பல வருஷம் இருந்து அந்நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிடலாம். நமது நாட்டில் 2,000 வருஷம் இருந்தும் பறையன் பறையனாகவே இருக்க வேண்டும் என்கின்றீர்களே! 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள பொது ரஸ்தாவில் நடப்பதற்கு மனிதர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த எல்லையை எந்த ராணுவமும் காக்கவில்லை. சாஸ்திரமும் நமது மடமையுமே காத்தன.

தோழர்களே! உங்கள் பிள்ளைகள் அன்னிய தேசம் போகட்டும். உலகத்தைப் பார்க்கட்டும். போகுமுன் அந்த நாட்டுப் பாஷையைப் படிக்கட்டும். அந்தந்தச் சர்க்கார் வெளியிட்டிருக்கும் விதிகளைப் படிக்கட்டும். தெரியாவிட்டால் படித்த தோழர்களைக் கொண்டு படித்துக் கேட்கட்டும். தரகன் சொல்லுவதையும் ஜோசியன் சொல்லுவதையும் ஒரே குப்பையில் போடட்டும். ஒருவன் மறுத்தால், ஏன் மறுத்தான் என்ற காகிதத்தை முதலில் பிரித்துப் பார்க்கட்டும்.

நமது குடியானவத் தோழர் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "இந்தக் காகிதத்தை அன்றைக்கே படித்திருந்தால் பரிகாரப் பணமாவது மிஞ்சியிருக்கும்" என்றார். நிலத்தை நம்மால் மீட்டுக் கொடுக்க முடியாது. தரகன்மேல் போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். பையன் ஜெர்மன் பாஷை படிக்கச் சேருவதாகச் சொல்லியிருக்கின்றான். சில்கூர்ப் பிரயாணம் நின்றுவிட்டது.